கொல்ல ஆள் கிடைக்காத சர்வர்

லில்வீக்,
நவம்பர். வெளியே பனி, ஆபீசுக்குள் அதைவிட.

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய தோர்கெல் மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகள் இல்வா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் பிரிட்டா அத்தையும் தீவில் சௌக்கியமாக இருப்பீர்கள், முழங்கால் வலி குறைந்திருக்கும், படகைக் கரையேற்றிக் கவிழ்த்து மூடி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் நானும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை, அடித்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை என்னை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள்.

போன் பண்ணியிருப்பேன். கோடை முடிந்ததும் போனை அணைத்து டிராயரில் போட்டுவிட்டு வசந்தத்தில்தான் எடுப்பீர்கள் என்பதால் இந்தக் கடிதம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதால்தான் குன்வோர் என்னை வேலைக்கு எடுத்தார், ஆகவே முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமானால் இங்கேயே ஒற்றை அறை வீடு கிடைக்கும், என் பெயரில், என் சாவியோடு. ஆகாவிட்டால் அம்மா வீடு. அம்மா இப்போதே காலேஜ் விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணி வைத்திருக்கிறாளாம், என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. ஏற்கெனவே ரெண்டு காலேஜிலிருந்து ஓடி வந்தவள் நான். மூணாவதிலிருந்தும் ஓடுவேன், அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் அனுப்புவாள். மாமா, வாசல் கதவு எங்கே இருக்கிறது என்று நான் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளாத ஒரே இடம் இந்த ஆபீஸ்தான். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். லில்வீக் வீட்டு நிறுவனத்தின் அத்தனை காரியமும் ஒரே ஒரு பெரிய சர்வரில் ஓடுகிறது. வாடகை பில், வீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை, வீடுகளைக் கதகதப்பாக வைக்கும் ரேடியேட்டர் சூடு, எல்லாவற்றுக்கும் மேலே ஒவ்வொரு கட்டிடத்தின் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு நேரம் பதிவது. பழைய சர்வர் செத்துப் புதுசு வந்தது, அதை அமைக்கும் வேலை என் கையில். உள்ளே ரெண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதனதன் மெமரி வரிசையாகச் சொருகியிருக்கும். நீங்கள் வாழ்நாளெல்லாம் கட்டிடங்களில் குழாய் வேலை பார்த்தவர், ரெண்டு படிக்கட்டு உள்ள கட்டிடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தன் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறையில் சாமான் வைத்தவன் வீட்டுச் செருப்போடு இறங்கி எடுத்து வந்துவிடுவான். எதிர்ப் படிக்கட்டின் நிலவறையில் வைத்தவன் கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு முற்றத்துப் பனியைத் தாண்டிப் போய் வர வேண்டும். தூரம் கொஞ்சம்தான். ஆனால் மூச்சு விடுவதற்குள் கோடி தடவை போக வேண்டும் என்றால்?

சர்வரை முதன்முதலில் எழுப்பும்போது அது ஒரு கேள்வி கேட்கும். மெமரியை அவரவர் பக்கத்திலேயே விடுவதா, ரெண்டு பக்கத்தையும் கலந்து எல்லோருக்கும் சமமாகப் பரப்புவதா? நான் பாட்டுக்குப் பதிலை அமுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குன்வோர் மீட்டிங் போட்டார். வாடகைப் பிரிவு பிர்கர், சூட்டுப் பிரிவு தாகே, குன்வோர், நான், நடுவில் காபி.

"அவங்கவங்க பக்கத்துலயே விட்டுடலாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன்.

இந்த ஊரில் இப்படிப் பேசவே கூடாது என்று அப்போது தெரியாது. தெரியும், ஆனால் வாய் முந்திவிட்டது. பிர்கர் காபியைக் கீழே வைத்தார்.

"ஒரு சந்தேகம். சின்ன ப்ரோக்ராமுக்கு பக்கத்துலயே எடம் பத்திடும். பெருசுக்கு பத்தாது, அது எதிர்ப் பக்கம் போயித்தான் ஆகணும். அப்ப சிலபேர் மட்டும் சொகுசா இருப்பாங்க, சிலபேர் அலையணும். அப்படித்தான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா?" என்றார் தாகே. கோபமாக இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையிலேயே வருத்தமாகக் கேட்டார்.

"பாதிப் பேருக்காவது வேகம் கெடைக்கும்ல?"

"மீதிப் பாதி?" என்றார் குன்வோர். "இல்வா, யாரும் உன்ன எதுக்கல. ஆனா எல்லாரும் ஒத்துக்கற மாதிரி ஒண்ணு பாப்போமே."

பார்த்தார்கள். எல்லோருக்கும் சமமாகப் பரப்புவது என்று முடிவானது. அதன் பலன் என்னவென்றால், எல்லா ப்ரோக்ராமும் பாதி நேரம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியில் நடக்கிறது. சின்னதும் நடக்கிறது, பெரியதும் நடக்கிறது. எல்லாம் ஒரே சீராக மெதுவானது. யாரும் புகார் சொல்லவில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேகமானவர் ஒருவரும் மிச்சமில்லை. அடுத்த மீட்டிங்கில் இதையே வெற்றி என்று சொல்லி ஏலக்காய் பன் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன், பன் நன்றாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த வாய் இருக்கிறதே! மெமரியைச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் பெரிய ப்ரோக்ராம்களுக்கென்று முன்கூட்டியே பெரிய பாளங்களாக வெட்டி ஒதுக்கி வைக்கலாம், ஒதுக்கிவிட்டால் அந்தப் பாளத்தைக் கேட்கத் தெரிந்த ப்ரோக்ராம் தவிர வேறு யாராலும் தொட முடியாது, சும்மா கிடந்தாலும் தொட முடியாது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொன்னதும் மூணு பேர் முகத்திலும் ஒரு ஒளி. கல்யாணச் சேதி கேட்ட மாதிரி. துவைக்கும் அறைக்கு நேரம் பதிந்தே வளர்ந்தவர்கள் இல்லையா, முன்பதிவு என்ற சொல்லைக் கேட்டால் ரத்தம் துள்ளுகிறது. பிர்கர் வாடகை பில்லுக்கு ஒரு பெரிய பங்கை ஒதுக்கச் சொன்னார். பில் போவது மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள். தாகே அவர் பங்குக்கு ஒன்று ஒதுக்கச் சொன்னார், எந்த ப்ரோக்ராமுக்கு என்று கேட்டேன்.

"இன்னும் வாங்கல."

"வாங்காத ப்ரோக்ராமுக்கா?"

"வாங்கறப்ப எடம் இல்லாமப் போயிட்டா?"

குன்வோர் 'எதிர்பாராதவை' என்று ஒரு பங்கு. பாதிக்கும் மேலே இப்படிப் பூட்டிக் கிடந்தது. துவைக்கும் அறைப் பதிவு ப்ரோக்ராம் மட்டும் பழையது, பாவம், அதற்குப் பாளம் கேட்கவே தெரியாது. மிச்சம் மீதியில் நடைபாதையில் துண்டு விரித்துப் படுத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மெமரி தீர்ந்துவிட்டால் சர்வர் என்ன செய்யும் தெரியுமா மாமா? மூழ்கப் போகிற படகில் இருப்பதிலேயே கனமானவனைத் தூக்கிக் கடலில் போடுகிற மாதிரி, ஓடுகிற ப்ரோக்ராம்களில் அதிகம் தின்றதைப் பார்த்துக் கொன்றுவிடும். ஒதுக்கி வைத்த பாளங்கள் அந்தக் கணக்கில் வராது, ஆகவே பாளம் கேட்கத் தெரியாததுதான் கனமானதாகத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை அது கொன்றது துவைக்கும் அறைப் பதிவை.

பதிவு செத்தால் தீ விபத்து விதிப்படி ஊரில் உள்ள எல்லாத் துவைக்கும் அறைக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும். யார் வேண்டுமானாலும் போகலாம். பெரிய கலவரம் வரும் என்று நினைத்தேன். ரூனே என்று ஒரு பெரியவர், குடியிருப்பவர், போன் பண்ணினார்.

"துவைக்கற ரூம் தெறந்து கெடக்கும்மா."

"ஆமாங்க, பதிவு போச்சு. நீங்க பாட்டுக்கு உள்ள போயி துவைங்க."

"நான் இன்னிக்கி நேரம் பதியலியே. நாளைக்குதான்."

"பரவால்லங்க, யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"கதவுகிட்ட. மூட்டையோட."

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. மெஷின் எல்லாம் காலி. பின்னால ஒரு ஆறேழு பேரு நிக்கறாங்க."

"அப்ப ஒருத்தராவது போங்களேன்!"

"இப்ப யாரோட நேரம்னு தெரியாம எப்படிம்மா போறது? அந்த ஆளு வந்து நின்னா எம்மூஞ்சிய எங்க கொண்டு வைக்கறது?"

சாயங்காலம் வரை நின்றார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டும் நின்றார்கள், ஒருவரும் உட்காரவில்லை, நாற்காலி யாருடையது என்று தெரியாததால். கிழக்குக் கட்டிடத்தில் மட்டும் ஒருத்தன் உள்ளே போய்த் துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அவன் பெயரை அங்கே இப்போது யாரும் சொல்வதில்லை.

மறுநாள் குன்வோர் என்னைக் கூப்பிட்டு, துவைக்கும் அறைப் பதிவை இனி எந்தக் காரணம் கொண்டும் சர்வர் கொல்லக் கூடாது, அதற்கு வழி உண்டா என்றார். உண்டு. ஒரு ப்ரோக்ராமின் மேல் 'கொல்லாதே' என்று குறி போடலாம். போட்டேன். பத்து நிமிஷத்தில் பிர்கர் வந்து நின்றார்.

"அப்ப வாடகை செத்தா பரவால்லயா? கேட்டுத் தெரிஞ்சிக்கறேன், அவ்ளோதான்."

அவருக்கும் போட்டேன். தாகே வந்தார். "சூடு நின்னா சனங்க வெறைச்சிப் போவாங்க. நான் ஒண்ணும் சொல்லல, நீயே பாத்துக்க." அவருக்கும் போட்டேன். காத்திருப்போர் வரிசைக்குப் போட்டேன். மதியச் சாப்பாடு என்னவென்று நடையில் இருக்கிற திரையில் காட்டும் ப்ரோக்ராம் ஒன்று உண்டு, வியாழன் என்றால் பட்டாணி சூப் என்று இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் அதையும் விட்டால் பாரபட்சமாம், அதற்கும் போட்டேன். கடைசியில் சர்வரில் சாகத் தகுதியுள்ளவர் யாருமே இல்லை. எல்லோரும் சிரஞ்சீவி.

வியாழக்கிழமை மறுபடி மெமரி தீர்ந்தது. சர்வர் யாரைக் கொல்லலாம் என்று தேடிப் பார்த்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கும், பாவம். பிறகு திரையில் ஒரு வரி எழுதியது. மெமரியும் இல்லை, கொல்லத்தக்க யாரும் இல்லை. எழுதிவிட்டுத் தானே செத்துப்போனது. வாடகை, வரிசை, சூடு, துணி, பட்டாணி சூப் எல்லாம் ஒரேயடியாக. நாங்கள் நாலு பேரும் கறுத்த திரை முன்னால் நின்றோம்.

"யாரையும் விட்டுக்குடுக்காம போயிருக்கு, பாரேன்," என்றார் குன்வோர். குரலில் லேசாகப் பெருமை. என்னால் தாங்க முடியவில்லை மாமா.

அன்றைக்குக் காபி நேரம் வந்தது. மூணு பேரும் எழுந்தார்கள்.

"வரலியா?" என்றார் தாகே.

"நீங்க போங்க."

"பன் இருக்கு."

"வேண்டாம்."

ஏதோ சாவுச் சேதி கேட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். காபிக்குப் போகாதவளை இங்கே யார் நம்புவார்கள்? ஆனால் எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. செத்த சர்வரை எழுப்பி, ஒதுக்கி வைத்த பாளம் அத்தனையையும் எடுத்தேன். 'கொல்லாதே' குறி அத்தனையையும் அழித்தேன். மறுபடி அணைத்து எழுப்பி, அது கேட்ட அந்த முதல் கேள்விக்கு, அவரவர் மெமரி அவரவர் பக்கத்தில் என்று பதில் சொன்னேன். மாமா, அது ஓடின அழகைப் பார்த்திருக்க வேண்டும்! உறைந்த குழாயில் திடீரென்று தண்ணீர் வருமே, நீங்கள் குழாயைத் தட்டிச் சிரிப்பீர்களே, அப்படி. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். காலேஜில் எந்தப் பாடத்துக்கும் எனக்குக் கை தட்டத் தோன்றியதில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பிர்கர் தன் திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னோட பங்கு எங்க?"

"எடுத்துட்டேன். அது சும்மாதான கெடந்துச்சு?"

"சும்மா கெடந்தாலும் அது என்னோட சும்மா."

"பிர்கர், சர்வர் எப்படி ஓடுது பாரு! இத்தன நாள்ல இப்படி ஓடியிருக்கா?"

"அத நான் கேக்கல."

குன்வோரிடம் திரும்பினேன். "நீயாவது சொல்லு. ஓடுதா இல்லியா?"

"ஓடுது," என்றார் குன்வோர். "ரொம்ப நல்லா ஓடுது. அது வேற விஷயம், இல்வா."

மறுநாள் காலை என் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'அன்புள்ள சக ஊழியரே, பிறர் பதிந்ததை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பது நல்ல பழக்கம். தோழமையுடன், அக்கறையுள்ள ஒருவர்.' அக்கறையுள்ள ஒருவர் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் திருப்பிப் போட்டு முடித்திருப்பேன். வணக்கம் சொன்னார்கள், கதவைத் திறந்து பிடித்தார்கள், காபிக்கு மட்டும் கூப்பிடவில்லை.

இதுவரை எல்லாத் தப்பும் அவர்களுடையது என்றுதான் உங்களுக்கு எழுத நினைத்தேன். மாதக் கடைசி வராமல் இருந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். அன்று பிர்கரின் வாடகை ப்ரோக்ராம் எழுந்து தன் பெரிய பாளத்தைக் கேட்டது. அதற்குள் மற்றவை எல்லாம் மெமரியைத் துண்டு துண்டாக எடுத்து இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக உட்கார்ந்துவிட்டன. இடம் நிறைய இருக்கிறது, ஆனால் சேர்ந்தாற்போல இல்லை, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருத்தர் உட்கார்ந்த பஸ் ஸ்டாப் மாதிரி. பாளம் கிடைக்காமல் அது ஓட மாட்டேன் என்றது. ஊர் முழுக்க வாடகை பில் போகவில்லை. வேறு ஊராக இருந்தால் சனங்கள் பட்டாசு வெடித்திருப்பார்கள். இங்கே மதியத்துக்குள் போன் மேல் போன். "என்னோட பில் வரலியே, நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா?" என்று ரூனே அழாத குறை. சர்வரை மறுபடி எழுப்பி, எழும்போதே பிர்கருக்கு மட்டும் அவர் பங்கை ஒதுக்கிக் கொடுத்தேன். சாயங்காலம் பில் எல்லாம் போனது.

"பிர்கர், உன்னோடத மட்டும் நான் எடுத்திருக்கக் கூடாது," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே எனக்கு அதிசயம். வடக்கே ஆமாம் என்பதற்கு மூச்சை உள்ளே உறிஞ்சுவார்களே, அப்படி ஒரு உறிஞ்சு. அவ்வளவுதான். ஆமாம், தப்புதானா? ஆமாம், மன்னித்தேனா? ஆமாம், மூட்டையைக் கட்டுவா? ரெண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை, அந்த உறிஞ்சலே காதில்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் என் விஷயம்தான் முதல். ஆகவே மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த உடனே அந்த டிராயரைத் திறந்து போனை எடுத்து குன்வோரிடம் பேசுங்கள். உங்கள் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. நான் சொன்னதை எல்லாம் சொல்லாதீர்கள், முக்கியமாகப் படகு உவமை வேண்டாம். அவள் இனிமேல் கேட்டுத்தான் செய்வாள் என்று சொல்லுங்கள். காபிக்கு வருவாள் என்று சொல்லுங்கள். எதுவும் எடுபடாவிட்டால், அம்மாவிடம் பேசி அந்த விண்ணப்பத்தையாவது அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பான வணக்கம். உங்கள் குழாய்கள் உறையாமலும், கூரை ஒழுகாமலும், ஆண்டவன் இந்தக் குளிர்காலம் முழுக்க உங்கள் இருவர் மேலும் ஒரு கண் வைத்திருக்கட்டும். இன்னொரு கண் சும்மா இருந்தால் அதை இங்கே அனுப்பட்டும்.

என்றும் தங்கள் மீது மாறாத பாசமுள்ள,
(வேலை போகப் போகிற) மருமகள்
இல்வா

பின்குறிப்பு: தபால் தலை வாங்க மறந்து வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. குன்வோரிடம் பேச வேண்டாம். மீட்டிங்கில் என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "இல்வா தொடர்றதுல எல்லாருக்கும் சம்மதம்தான?" என்று கேட்டார். ஆளை எதிரே வைத்துக்கொண்டு யார் இல்லை என்பார்கள்? தாகே பன்னைப் பார்த்தார், பிர்கர் மூச்சை உறிஞ்சினார், மேஜையில் மீட்டிங் சுத்தியலைத் தட்டி நிரந்தரம் என்று முடித்துவிட்டார்கள். ரெண்டாவது விஷயம், எடுத்த பங்குகளை எல்லாம் பழையபடி ஒதுக்குவது. சட்டென்று எழுந்து கத்தப் போனேன். அதற்குள் குன்வோர் என் பக்கம் திரும்பி, "உனக்கு எவ்ளோ வேணும்?" என்றார். என் ஆயுளில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை மாமா. கொஞ்சம் பெரிதாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கென்று இன்னும் யோசிக்கவில்லை. இன்று காலை சர்வர் மறுபடி மெமரி இல்லாமல் திணற, தாகே வந்து என் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடு, அடுத்த மீட்டிங்கில் எல்லோருமாகப் பேசி முடிவு பண்ணலாம் என்று சொல்லிவிட்டுக் காபிக்குப் போனேன்.